ஓசார்க் மலைநாட்டின் வசந்த காலம்

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசூரி மாநிலத்தின் தென்பாகத்தையும் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வடபாகத்தையும் அளாவிக் கிடக்கும் ஓசார்க் என்னும் மலைநாடு, வானளாவிய சிகரங்களுக்கோ பரந்த வயல்வெளிகளுக்கோ பெயர் பெற்ற பிரதேசமன்று. சுண்ணாம்புப் பாறையால் ஆன தாழ்ந்த குன்றுகளும், அவற்றினிடையே நெளிந்தோடும் தெளிந்த ஆறுகளும், பாறை இடுக்குகளிலிருந்து ஆண்டு முழுவதும் வற்றாமல் பெருகும் ஊற்றுகளும், ஓக் மரமும் பைன் மரமும் கலந்து வளர்ந்த காடுகளுமே அந்நாட்டின் செல்வம். மண்வெட்டியை எங்கே போட்டாலும் கல்லில் மோதுகிற அந்த நிலத்தில் பெரும் பண்ணை விவசாயம் வேரூன்றவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு தோட்டமும், பள்ளத்தாக்கில் ஒரு துண்டு மக்காச்சோளக் கொல்லையும், அவற்றைச் சூழ்ந்த காடுமே ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்கு ஆதாரமாக இருந்தன. ஆகையால் வசந்த ருது பிறந்ததும் அம்மலைவாசிகளின் கவனமெல்லாம் இரண்டு காரியங்களில் ஒருங்கே சென்றது: ஒன்று, தோட்டத்துக்கு நாற்று விடுவது, மற்றொன்று, காட்டு வான்கோழி வேட்டைக்கு ஆயத்தம் செய்வது.

இவ்விரண்டும் ஒரே பருவத்தில் நிகழ்வது தற்செயலானதன்று. மண் சூடேறி விதை முளைக்கும் அதே நாட்களில்தான் காட்டில் வான்கோழிச் சேவல் கூவத் தொடங்குகிறது. அடுத்த ஆண்டின் பயிருக்கும் அடுத்த ஆண்டின் பறவைக்கும் அந்தச் சில வாரங்களே வித்திடுகின்றன. விதைநெல்லைக் குற்றி உண்டவன் வீட்டில் அடுத்த போகம் இல்லை என்பதை உழவர் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து விதையில் அந்த நியதியை ஒருநாளும் மீறாத மக்கள், காட்டுப் பறவையின் விஷயத்தில் அதை மறந்து, பறவையையே ஏறத்தாழ இழந்து, பின்னர் அரும்பாடுபட்டு அதைத் திரும்பக் கற்றுக்கொண்ட வரலாறே ஓசார்க் மலைநாட்டின் இரு நூற்றாண்டு வரலாறு எனலாம்.

ஐரோப்பியர் வந்து குடியேறுவதற்கு முன்னர் இக்காடுகள் ஓசேஜ் என்னும் பூர்வகுடியினரின் வேட்டைக்களமாக விளங்கின. மலைநாட்டுக்கு மேற்கே ஆற்றோரங்களில் கிராமங்கள் அமைத்து வாழ்ந்த அம்மக்கள், வசந்த காலத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகியவற்றை விதைத்து, பயிர் ஓரளவு தலையெடுத்ததும் காட்டெருமை வேட்டைக்காகச் சமவெளிகளுக்குப் புறப்பட்டுச் சென்று, கதிர் முற்றும் காலத்தில் திரும்பி வருவார்கள். விதைப்பும் அறுவடையும் பெண்களின் பொறுப்பாகவும், வேட்டை ஆண்களின் பொறுப்பாகவும் இருந்தன. 1808-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கத்தோடு செய்துகொள்ள நேர்ந்த உடன்படிக்கையினால், மிசூரியிலும் ஆர்கன்சாஸிலும் இருந்த தங்கள் பூமியில் பெரும்பகுதியை ஓசேஜ் மக்கள் இழந்தனர்; அதற்குப் பின் டென்னசி, கென்டக்கி முதலிய கிழக்கு மலைநாடுகளிலிருந்து வெள்ளையர் குடும்பங்கள் கோடரியும் துப்பாக்கியும் விதை முடிச்சுகளுமாக வந்து சேர்ந்தன.

அவ்வாறு வந்தவர்களின் ஆரம்ப கால வாழ்க்கையை நேரில் கண்டு எழுதியவர் ஹென்றி ரோ ஸ்கூல்கிராஃப்ட் என்னும் யாத்திரிகர். 1818-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, 1819-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, பெரும்பாலும் கால்நடையாகவே ஓசார்க் காடுகளில் சுற்றிய அவருடைய நாட்குறிப்பு 1821-இல் லண்டனில் நூலாக வெளிவந்தது. வேட்டையே பிரதான ஜீவனமாகவும், வீட்டருகே விளைந்த சிறிது மக்காச்சோளமே தானியமாகவும் கொண்டு வாழ்ந்த குடும்பங்களை அவர் கண்டார். கரடியும் மானும் வான்கோழியும் குறைவின்றித் திரிந்த காடுகளையும் கண்டார். அக்காலத்து மலைவாசிக்கு வான்கோழி என்பது விசேஷ நாளுக்குரிய விருந்தன்று; சாதாரணமாக அடுப்பில் ஏறும் அன்றாட இறைச்சி அது. எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டிய பொருள் என்று அதை ஒருவரும் நினைக்காததில் வியப்பில்லை.

தோட்டமோ தொடக்கத்திலிருந்தே எண்ணிப் பார்த்து நடத்தவேண்டிய காரியமாக இருந்தது. ஓசார்க் மலைநாட்டில் ஏப்ரல் மாதத்தின் பின்பாதி வரையிலும் இரவில் உறைபனி விழக்கூடும். தக்காளி, மிளகாய் முதலிய செடிகளின் விதையை அதற்குப் பிறகுதான் நேரடியாக மண்ணில் போடுவது என்றால், கோடை வறட்சி வந்து கருக்குவதற்குள் காய்ப்புக் காண நேரம் போதாது. எனவே பனிக்காலம் முடிவதற்கு ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு முன்பே, குளிர் தாக்காத ஓரிடத்தில் நாற்று வளர்த்தாக வேண்டும். இதற்கு அவர்கள் கையாண்ட உபாயம் எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்தது. வீட்டின் தெற்குப் பக்கத்தில், வெயில் படுமாறு, முழங்காலுக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒரு பள்ளம் தோண்டி, அதில் புதிய குதிரை லத்தியை வைக்கோலோடு சேர்த்துக் கொட்டி மிதித்து, அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு நயமான மண்ணைப் பரப்புவார்கள். லத்தி புளித்து மட்கும்போது எழும் வெப்பம், முதல் சில நாட்களில் விதையை வேகவைத்துவிடும் அளவுக்கு உக்கிரமாக இருக்கும். மண்ணுக்குள் விரலை நுழைத்துப் பார்த்து, அந்தச் சூடு தணிந்து இதமான வெதுவெதுப்பாக மாறிய பின்னரே விதை விழும். பழைய ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களைச் சரிவாக மேலே பொருத்தி, பகலில் சிறிது திறந்தும், இரவில் மூடிச் சாக்குப் போர்த்தியும் அந்த நாற்றங்காலைக் காப்பது வீட்டுப் பெண்களின் நித்திய கடமை. நடுவதற்கு முந்திய வாரத்தில் கண்ணாடியை நாளுக்கு நாள் அதிக நேரம் அகற்றிவைத்து, இளம் நாற்றைக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குவார்கள். அப்படிப் பழகாத நாற்று, வெளியில் நட்ட மறுநாளே வாடிச் சாய்ந்துவிடும்.

எந்த நாளில் எதை விதைப்பது என்பதற்கு அவர்களிடம் இரண்டு பிரமாணங்கள் இருந்தன. ஒன்று இயற்கை காட்டும் அடையாளம்: ஓக் மரத்தின் துளிர் அணிலின் காதளவு விரிந்ததும் மக்காச்சோளம் விதைக்கலாம், ஊதாநிற ரெட்பட் பூக்கும் சமயத்திலும், பின்னர் வெள்ளை டாக்வுட் பூக்கும் சமயத்திலும் ஒருமுறை குளிர் திரும்பி வரும், அதற்கு முன் அவசரப்பட்டு நாற்றை வெளியே நடலாகாது. மற்றொன்று பஞ்சாங்கம். மருந்துக் கம்பெனிகள் விளம்பரத்துக்காக இலவசமாக வழங்கிய பஞ்சாங்கங்களில், பன்னிரண்டு ராசிகளும் தலை முதல் பாதம் வரை அங்கம் அங்கமாகக் குறிக்கப்பட்ட ஒரு மனித உருவம் அச்சிடப்பட்டிருக்கும். சந்திரன் எந்த ராசியில் நிற்கிறான், வளர்பிறையா தேய்பிறையா என்று அதில் பார்த்து, மண்ணுக்கு மேலே காய்ப்பவற்றை வளர்பிறையிலும், மண்ணுக்குள் கிழங்கு விடுபவற்றைத் தேய்பிறையிலும் விதைப்பார்கள். கைகளுக்கு உரிய மிதுன ராசி பீன்ஸுக்கு உகந்தது என்பது அவர்களின் நம்பிக்கை. உருளைக்கிழங்குக்குப் புனித பாட்ரிக் திருநாளாகிய மார்ச் 17 என்று நாள் குறித்துக்கொண்டவர்களும் உண்டு. இத்தகைய வழக்கங்களை ஊர் ஊராகச் சென்று கேட்டுத் தொகுத்தவர் வான்ஸ் ராண்டால்ஃப் என்னும் நாட்டார் வழக்காற்று அறிஞர். அவருடைய ‘ஓசார்க் சூப்பர்ஸ்டிஷன்ஸ்’ என்னும் நூல் 1947-இல் வெளிவந்தது. நமது கிராமங்களில் பட்டம் பார்த்து விதைக்கும் குடியானவருக்கு இந்த வழக்கங்கள் ஒன்றும் அந்நியமாகத் தோன்றா.

விதையைச் சேமித்து வைப்பதில் அம்மக்கள் காட்டிய நிதானம் போற்றத்தக்கது. முதன்முதலில் காய்த்தவற்றுள் நல்ல வடிவமும் பருமனும் கொண்டவற்றைப் பறிக்காமல் செடியிலேயே முற்றவிட்டு, உலர்த்தி, துணி முடிச்சிலோ சுரைக்குடுவையிலோ இட்டு, எலி எட்டாத உத்தரத்தில் தொங்கவிடுவார்கள்; மகள் கலியாணமாகிப் போகும்போது அந்த விதையில் ஒரு பங்கு அவளோடு போகும். அரசாங்கமும் ஒரு காலத்தில் விதை விநியோகம் செய்தது. 1839-இல் காப்புரிமை அலுவலகத்துக்குக் காங்கிரஸ் சபை 1,000 டாலர் ஒதுக்கியதில் தொடங்கிய அத்திட்டம் வளர்ந்து, சபை உறுப்பினர்கள் தத்தம் தொகுதி மக்களுக்குத் தபாலில் விதைப் பொட்டலங்கள் அனுப்புவதாக உருவெடுத்து, 1920-களில் முடிவுக்கு வரும்வரை நடைபெற்றது. ஆயினும் பொட்டலத்தில் வந்த விதையைவிடப் பாட்டி கொடுத்த விதையையே மலைவாசிகள் அதிகம் நம்பினர். தங்கள் கல்நிலத்தில் பல தலைமுறைகளாக விளைந்து பழகிய விதை அது.

நாற்று வளர்க்கும் இந்தத் தேர்ச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தொழிலுக்கே அஸ்திவாரமாயிற்று. ரயில் பாதை மலைக்குள் புகுந்தபின், வற்றாத ஊற்றுகளின் ஓரங்களில் தக்காளியைத் தகர டப்பாவில் அடைக்கும் சிறு சிறு ஆலைகள் தோன்றின. விறகில் எரியும் கொதிகலமும் ஒரு தகரக் கொட்டகையுமே அவற்றின் முதலீடு. அந்த ஆலைகளுக்காகத் தக்காளி பயிரிட்ட விவசாயி, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ காட்டோரத்தில் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, அதன்மேல் சுள்ளியும் மரக்கிளையும் குவித்து எரிப்பான். களை விதையும் பூச்சியும் வெந்தழிந்து சாம்பல் உரமாகப் படிந்த அந்த நிலத்தில் விதையைத் தூவி, மெல்லிய துணியை இழுத்துக் கட்டிப் போர்த்துவான். ஆலைகளில் தோலுரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. உரித்து நிரப்பிய ஒவ்வொரு வாளிக்கும் ஒரு வில்லை கொடுத்து, வாரக் கடைசியில் அதைக் காசாக மாற்றிக் கொடுப்பார்கள். ரொக்கப் பணம் அரிதாக இருந்த அந்நாட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செருப்பு அந்த வில்லைகளால் வந்தது. வறட்சியும், செடிநோயும், கலிபோர்னியாப் பெரும் பண்ணைகளின் போட்டியும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இவ்வாலைகளை ஒவ்வொன்றாக மூடச் செய்துவிட்டன.

இனி, காட்டுப் பறவையின் பக்கம் திரும்புவோம். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய பிராணி. மெக்சிகோவின் பூர்வகுடியினர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதன் ஓர் இனத்தை வீட்டுப் பறவையாகப் பழக்கினர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். நூறாண்டுக்குள் அது போர்த்துகீசியரின் கோவாவை வந்தடைந்தது. 1612-இல் முகரப் கான் என்னும் அதிகாரி கோவாவிலிருந்து வாங்கிவந்து காட்டிய பறவையைக் கண்டு வியந்த ஜஹாங்கீர் சக்கரவர்த்தி, அதன் தலையும் கழுத்தும் கணத்துக்குக் கணம் நிறம் மாறும் விந்தையைத் தம் நினைவுக் குறிப்பில் வர்ணித்ததோடு, மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு அதைச் சித்திரமாகவும் தீட்டச் செய்தார். ஓசார்க் காடுகளில் வாழ்வதோ, அந்த வீட்டுப் பறவைக்கு உறவினமாயினும், மனிதன் கைபடாத கீழ்த்திசைக் காட்டு வான்கோழி. இருபது ராத்தல் எடையுள்ள சேவல் ஓட்டத்தில் மனிதனை எளிதில் தோற்கடிக்கும். இரவில் உயர்ந்த மரக்கிளையில் தங்கும். அதன் பார்வையோ, வேட்டைக்காரன் கண்ணிமைப்பதையும் கண்டுவிடும் என்று சொல்லும்படி அத்தனை கூர்மையானது.

வசந்த காலத்தில் சேவலின் சுபாவம் மாறுகிறது. விடியலுக்கு முன்பே மரக்கிளையில் இருந்தவாறே அது கூவத் தொடங்கும். கீழே இறங்கியதும் வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசி, செந்தலையை வெண்மையாகவும் நீலமாகவும் மாற்றிக்கொண்டு, பெட்டைகளை எதிர்பார்த்து நிற்கும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும்; கூடிய பெட்டை, தரையில் இலைச்சருகினிடையே பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, இருபத்தெட்டு நாள் அடைகாக்கும். பெட்டையின் அழைப்புக் குரலைப் போல ஒலி எழுப்பிச் சேவலைத் தன்னிடம் வரவழைப்பதே வசந்த வேட்டையின் சூட்சுமம். பூர்வகுடியினர் வான்கோழியின் இறக்கை எலும்புகளையே ஒன்றினுள் ஒன்று செருகி, உதட்டில் வைத்து உறிஞ்சி அந்த ஒலியை எழுப்பினர். குடியேறியவர்கள் அதை அவர்களிடமிருந்து கற்றனர். பின்னர் 1897-இல், ஓசார்க் மலைநாட்டுக்குத் தெற்கே ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையில் உள்ள டார்டனெல் என்னும் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்ஸன், மரப்பெட்டி ஒன்றினால் அதே ஒலியை எழுப்பும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மேல்புறம் திறந்த, மெல்லிய பக்கச் சுவர்களை உடைய ஒரு நீளப் பெட்டி. அதன் ஒரு முனையில் திருகாணியால் பொருத்தப்பட்டு, இருபுறமும் அசையும் கைப்பிடி மூடி. மூடியின் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் விளிம்பின்மேல் இலேசாக இழுத்தால், மரம் அதிர்ந்து பெட்டையின் குரல் எழும். இழுப்பின் நீளமும் அழுத்தமும் சிறிது பிசகினாலும் குரல் பொய்யாகிவிடும். ஆகையால் பிப்ரவரி, மார்ச் மாத இரவுகளில், நாற்றங்காலுக்குச் சாக்குப் போர்த்திவிட்டு வந்து, அடுப்போரத்தில் அமர்ந்து பெட்டியைப் பழகுவது வேட்டைக்காரனின் சாதகம்.

இவ்வளவு நுண்ணிய கலை வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் பறவை மறைந்துகொண்டிருந்தது. 1880-களின் பிற்பகுதியில் மிசூரியின் கிராண்டின் என்னும் ஊரில் எழுந்த மர ஆலை, அக்காலத்தில் நாட்டிலேயே மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்து, கரன்ட் ஆற்றுப் பிரதேசத்துப் பைன் காடுகளை வெட்டித் தீர்த்து, மரம் தீர்ந்ததும் 1909-இல் மூடப்பட்டது. மொட்டையான குன்றுகளில் மலைவாசிகள் மாடும் பன்றியும் வளர்த்தனர். வேலியின்றித் திரிந்த பன்றிகள் வான்கோழிக்கு உணவாகிய ஓக் கொட்டைகளைத் தின்று தீர்த்தன. புதுப்புல் தழைக்கவும், உண்ணியும் பாம்பும் ஒழியவும் வேண்டி ஆண்டுதோறும் வசந்தத்தில் காட்டுக்குத் தீ வைப்பது குலவழக்கமாயிற்று; நாற்றங்காலைத் தூய்மை செய்த அதே நெருப்பு, கட்டுப்பாடின்றிக் குன்று குன்றாகப் பரவியபோது, அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டைகளின் கூடுகளைச் சாம்பலாக்கிற்று. ரயில் வந்ததனால் வேட்டையும் வாணிபமாயிற்று; சுட்ட பறவைகள் பட்டணத்துச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாயின. மாநில எல்லைகளைக் கடந்து நடந்த சட்டவிரோத வேட்டை வியாபாரத்தைத் தடுக்க 1900-இல் லேசி சட்டம் பிறந்தபோதிலும், காட்டுக்குள் அதை நிறைவேற்ற ஆளில்லை. கிழக்கு மாநிலங்களில் நிலைமை இதைவிட மோசம்: கனெக்டிகட்டில் 1813-லேயே காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று, மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851-இல் மாண்டது. ஓசார்க் மலைநாட்டிலோ எட்டாத பள்ளத்தாக்குகளில் மாத்திரம் சில கூட்டங்கள் உயிர் தரித்திருந்தன.

திருப்பம் ஒரு தேர்தலின் வாயிலாக வந்தது. 1936 நவம்பரில் மிசூரி மக்கள் தங்கள் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி, காடு, மீன், வனவிலங்கு ஆகியவற்றின் பரிபாலனத்தைக் கட்சி அரசியலின் கையிலிருந்து எடுத்து, நால்வர் அடங்கிய ஓர் ஆணையத்திடம் ஒப்படைத்தனர். அந்நால்வரில் இருவருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவராக இருத்தலாகாது என்பது விதி. 1937-இல் மத்திய அரசு நிறைவேற்றிய பிட்மன்–ராபர்ட்ஸன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது விதித்த வரியை வனவிலங்கு சம்ரட்சணைக்கென்றே ஒதுக்கிற்று. வேட்டைக்காரனின் காசே வேட்டைப் பறவையை மீட்கப் பயன்படலாயிற்று. வெட்டிப் பாழாய்க் கிடந்த நிலங்களை மத்திய அரசு வாங்கித் தேசியக் காடுகளாக்கியது. தீ கண்காணிக்கக் கோபுரங்கள் குன்றுகளின்மேல் எழுந்தன. வான்கோழி வேட்டை முற்றிலும் நிறுத்தப்பட்டது.

எனினும் பறவையைப் பெருக்கும் முதல் முயற்சி தோல்வியாகவே முடிந்தது. பண்ணைகளில் முட்டை பொரித்து வளர்த்த கலப்பினப் பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அவை நிலைக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தவர், புகழ்பெற்ற வன சாஸ்திரியான ஆல்டோ லியோபோல்டின் புதல்வர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். மிசூரியின் ஓசார்க் கவுண்டி என்னும் மாவட்டத்தில் 1940-இல் நிறுவப்பட்ட கேனி மலைச் சரணாலயத்தில் தங்கி அவர் செய்த ஆராய்ச்சி 1944-இல் வெளியாயிற்று. கலப்பினப் பறவையின் மூளையும் சில சுரப்பிகளும் காட்டுப் பறவையினுடையவற்றைவிடச் சிறியவை என்றும், காட்டில் வாழ்வதற்கு வேண்டிய எச்சரிக்கை அதற்குப் பிறப்பிலேயே குன்றியிருக்கிறது என்றும் அவர் நிறுவினார். காட்டுத்தன்மை என்பது வளர்ப்பினால் வருவதன்று, வம்சத்தினால் வருவது என்று ஏற்பட்டுவிட்டது. எஞ்சியிருந்த தூய காட்டுக் கூட்டங்களே இனி விதை என்று அதிகாரிகள் உணர்ந்தனர்.

அந்த விதையை எடுத்து வேறு மண்ணில் நடுவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. மிசூரியின் ஸ்வான் ஏரிச் சரணாலயத்தில் நீர்ப்பறவைகளைப் பிடிப்பதற்காக 1950-இல் ஒரு பீரங்கி வலை உருவாக்கப்பட்டிருந்தது. தரையில் மடித்துவைத்த வலையைச் சிறு பீரங்கிகள் ஒரு கணத்தில் பறவைக் கூட்டத்தின்மேல் வீசி விரிக்கும். இதைக் கொண்டு 1951-இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டில் வான்கோழியை உயிரோடு பிடிக்க முடியும் என்று மெய்ப்பித்தார்கள். மிசூரியில் 1952-இல் எஞ்சியிருந்த பறவைகள் 2,500-க்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டது. 1954 முதல், பெக் ராஞ்ச் என்னும் காட்டில் மக்காச்சோளத்தை இறைத்து, மறைவில் காத்திருந்து, வலையில் சிக்கிய பறவைகளைப் பெட்டிகளில் அடைத்து, அன்றன்றே வெற்றுக் காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நாற்றங்காலில் செழித்ததைப் பிடுங்கி வயலில் நடும் அந்த வேலையில் இடம்பெயர்ந்த பறவைகள் வேரூன்றின. அவற்றுக்குப் புதிய மண்ணைக் காத்துக் கொடுத்தவர்களோ, ஆண்டாண்டாகக் காட்டுக்குத் தீ வைத்த பழைய குடும்பங்களின் பிள்ளைகளே.

1960-ஆம் ஆண்டு வசந்தத்தில், பல்லாண்டு இடைவெளிக்குப் பின், மிசூரியில் முதன்முறையாக வான்கோழி வேட்டைக்கு அனுமதி கிடைத்தது: 14 கவுண்டிகளில், மூன்றே நாள். அந்த மூன்று நாட்களில் கிடைத்த பறவைகள் 94. அந்த வேட்டைக்கு வகுத்த விதிகளில்தான் அதன் தர்மம் அடங்கியிருக்கிறது. மார்பில் தாடி போன்ற மயிர்க்கற்றை தொங்கும் பறவையை, அதாவது பெரும்பாலும் சேவலை மாத்திரமே சுடலாம். பெட்டைகளில் பெரும்பாலானவை கூடி முடித்து அடையில் அமரும் ஏப்ரல் பிற்பகுதியிலேயே பருவம் தொடங்கும். பிற்பகல் ஒரு மணியோடு அன்றைய வேட்டை நிற்க வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. ஒரு சேவல் பல பெட்டைகளுக்குப் போதுமானது ஆகையால், கூடல் முடிந்தபின் எடுக்கும் சேவலால் அடுத்த தலைமுறைக்கு நஷ்டமில்லை. பிற்பகலில் காடு அமைதியாக இருந்தால் பெட்டை கலவரமின்றிக் கூட்டுக்குத் திரும்பும். எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று தோட்டத்தில் பாட்டி அறிந்திருந்த கணக்கை, அரசாங்கம் காட்டுக்கும் எழுதிவைத்தது.

இவ்விதிகள் மலைவாசியின் நாளோடு அழகாகப் பொருந்தின. ஏப்ரல் மாதக் கடைசியில், இருள் பிரியுமுன் அவன் காட்டுக்குள் நுழைகிறான். முந்திய வாரமே காகிதத்தைக் குறியாக வைத்து, நாற்பது கஜ தூரத்தில் தன் துப்பாக்கியின் ரவை எப்படிப் படிகிறது என்று சோதித்து முடித்திருக்கிறான். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் அவன் உடலில் எங்கும் தெரியக் கூடாது. சேவலின் தலைக்கு உரிய நிறங்கள் அவை ஆதலால், தூரத்திலிருக்கும் வேறொரு வேட்டைக்காரன் மயங்கிச் சுட்டுவிடுவான். அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, ஆந்தையைப் போல ஒருமுறை குரல் கொடுக்கிறான். அதற்கு ஆத்திரத்தோடு பதில் கூவும் சேவல், தான் தங்கியிருக்கும் மரத்தைக் காட்டிக்கொடுத்து விடுகிறது. பிறகு பெட்டியில் ஓர் இழுப்பு, நீண்ட மௌனம். பெட்டை தன்னைத் தேடி வருவதே சேவலுக்கு வழக்கம்; அந்த வழக்கத்துக்கு மாறாக அதை நடந்துவரச் செய்வது கடினமான காரியம் ஆகையால், பெரும்பாலான நாட்களில் அவன் வெறுங்கையோடுதான் திரும்புகிறான். திரும்பும் வழியில் எல்ம் மரத்தடியில் முளைத்த மோரல் காளான் கிடைத்தாலும் அது ஒரு லாபமே. பிற்பகல் முழுவதும் தக்காளி நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு உரியது.

மிசூரியில் பெருகிய பறவை பிற மாநிலங்களுக்கும் விதையாயிற்று. கென்டக்கிக்கு வான்கோழியைக் கொடுத்து, அதற்கு ஈடாக, மிசூரி ஆறுகளில் அருகிப்போயிருந்த நீர்நாயைப் பெற்றார்கள். 2011-இல் அதே கென்டக்கியிலிருந்து எல்க் என்னும் பெரிய மான் வந்து, வான்கோழிகள் புறப்பட்ட பெக் ராஞ்ச் காட்டிலேயே குடியமர்த்தப்பட்டது. 1973-இல் தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு நிறுவப்பட்டபோது நாடு முழுவதிலும் இருந்த பறவைகள் ஏறத்தாழ 13 லட்சம். பின்னர் அத்தொகை 60 லட்சத்தைத் தாண்டிற்று. 1976-இல் மிசூரி மக்கள், தாங்கள் வாங்கும் பொருள்மீது டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் வரியைச் சம்ரட்சணைக்காகத் தாங்களே வாக்களித்து விதித்துக்கொண்டனர். 94 பறவையோடு தொடங்கிய வசந்த வேட்டையில், 2004-ஆம் ஆண்டு கிடைத்தவை 60,000-க்கும் அதிகம்.

அந்த உச்சத்துக்குப் பின் தொகை மீண்டும் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டையோடும் பிழைத்து வளரும் குஞ்சுகள் குறைந்துவந்ததை ஆய்வாளர்கள் கவலையோடு குறித்தனர். குஞ்சு முதல் வாரங்களில் பூச்சியைத் தின்றே வளர்வது; பூச்சி நிறைந்த புல்லும் பூண்டும் கொண்ட திறந்த நிலம் அதற்கு வேண்டும். இதனால், ஒரு காலத்தில் பகையாக எண்ணி அணைத்த தீயையே இப்போது காலமும் அளவும் அறிந்து, பங்கு பங்காக மூட்டுகிறார்கள். நாற்றங்கால் தீயின் இலக்கணமும் அதுவே. அதை மறந்த தீதான் முன்பு கூடுகளை அழித்தது. தோட்டத்திலும் மாற்றம் வந்துவிட்டது. கடையில் நாற்று வாங்கி நடுவோர் பெருகிவிட்டனர். பாட்டியின் விதை முடிச்சைத் தேடிச் சேகரிப்பவர்கள் சிலரே. ஆயினும் அந்தச் சிலர் ஒவ்வொரு பிப்ரவரியிலும் விதையைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை தருகிறது.

ஓசார்க் மலைநாட்டின் வரலாறு நமக்கு உணர்த்துவது இது. ஏழ்மை அக்காட்டை அழிக்கவில்லை. அம்மக்கள் ஏழைகளாக இருந்த காலத்திலும் விதையைத் தின்றதில்லை. எல்லையற்றது என்று நம்பிய பொருளுக்கு விதை என்று ஒன்று இருப்பதை அறியாமையே அழித்தது. அறிந்த பின், சட்டத்தை வெளியிலிருந்து ஒருவர் திணிக்காமல், தாங்களே வாக்களித்துத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டு, தங்கள் காசைக் கொடுத்து, தங்கள் பொழுதைக் கொடுத்து அவர்கள் இழந்ததை மீட்டனர். சம்ரட்சணை என்பது பண்டிதர்களின் சாஸ்திரம் மாத்திரமன்று. அடுத்த ஆண்டுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் குடும்ப ஒழுக்கத்தை ஊர் முழுவதும், நாடு முழுவதும் கைக்கொள்வதே அது. அந்த ஒழுக்கம் உள்ள தேசத்தில் காடும் பிழைக்கும், தோட்டமும் பிழைக்கும், வேட்டையும் பாவமாகாது.